ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் அப்பச்சியின் கிட்னியைக் காக்குமா?

காரைக்குடியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 61 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. போன மாதம் பார்த்ததில் ரத்தத்தில் உப்பு (கிரியாட்டினின்) 1.2, சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 340. டாக்டர் டெல்மிசார்ட்டன் என்ற பிரஷர் மாத்திரையும் டாப்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்து நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்த உறவினர், "இங்கிலீஷ் மாத்திரை கிட்னியை அரிச்சிரும், இது உடம்புத் துருவை எடுக்கும்" என்று சொல்லி ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். மாதம் 3,800 ரூபாய். அப்பச்சி இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். காலையில் கேப்சூலும் கறுப்புக் கவுனி அரிசியும்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கவும் தயாராகிறார். என்ன செய்வது என்பது கேள்வி.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேப்சூலை நிறுத்தினால் அப்பச்சி எதையும் இழக்கப் போவதில்லை. அவர் நிறுத்திய இரண்டு மாத்திரைகளைத்தான் விடக் கூடாது. இன்றே அந்த டாக்டரிடம் போனில் பேசி, எத்தனை நாள் நிறுத்தினார் என்பதை மறைக்காமல் சொல்லி, மறுபடி தொடங்க வழி கேளுங்கள். மருத்துவர்கள் இதற்குத் திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். நானும் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறவன்தான். வாரத்தில் ஒருவராவது இப்படி வருகிறார்.

அப்பச்சி ஏமாந்துவிட்டார் என்றும் நினைக்காதீர்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையை எந்த இடத்தில் பயன்படுத்துவது என்பதில்தான் சிக்கல். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட். நம் பக்கம் கிரியாட்டினினைத்தான் 'உப்பு' என்கிறார்கள். அது சாப்பாட்டு உப்பு அல்ல, தசையிலிருந்து வரும் கழிவு. 1.2 என்றால் லேப் தாளில் நார்மல் என்றுதான் அச்சாகியிருக்கும். ஆனால் 61 வயது ஆணுக்கு அதைக் கணக்குப் போட்டால் வடிகட்டும் திறன், அதாவது இ-ஜி.எஃப்.ஆர்., ஏறத்தாழ 69 வருகிறது. இளம் வயதில் அது 100-க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். அதைவிட முக்கியம் அந்த 340. சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவைக் காட்டுவது அது. அது 30-க்குள் இருக்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் வடிகட்டியில் பெரிய கசிவு என்று பொருள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடல் உழைப்பு இருந்தாலும் இந்த எண் தற்காலிகமாக ஏறும். அதனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னும் ஓரிரு தடவை பார்த்து உறுதி செய்ய வேண்டும். மூன்றில் இரண்டு தடவை கூடுதலாக வந்தால் அது நிஜம். இந்தக் கட்டத்தில் வலி இருக்காது, பெரும்பாலும் கால் வீங்காது, சிறுநீர் குறையாது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்று அப்பச்சி சொன்னால் அவர் சொல்வது சத்தியம். நோய் அப்படித்தான் இருக்கும்.

சரி, துரு. காரைக்குடிக்காரர்களுக்குத் துருவைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரும்பு அரிமானத்தை ஆராய்கிற செக்ரி ஆய்வு நிலையமே 1953 முதல் நம் ஊரில் இருக்கிறது. ஆனால் துரு வெளியிலிருந்து பிடிப்பது. காற்றும் ஈரமும் மேலே பட்டு இரும்பைத் தின்னும், அதனால் மேலே பூச்சு பூசினால் பலன் உண்டு. கிட்னியில் நடப்பது அப்படியில்லை. அதற்கு நம் அடுப்படியைத்தான் உதாரணம் சொல்ல வேண்டும்.

என் அப்பத்தா இரண்டாம் கட்டுக்குப் பின்னால் விறகடுப்பில் சமைத்தவர். விசேஷ நாளில் அவசரத்துக்கு யாராவது விறகை அள்ளித் திணித்துவிட்டால் தீ எரியாது, புகைதான் வரும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, எதுவும் பேசாமல் இரண்டு கட்டையை வெளியே உருவிப் போடுவார். புகை அடங்கும், தீ நின்று எரியும். சுவரில் கரி படிந்திருப்பதைப் பார்த்துச் சுவரைத் தேய்க்கப் போனவர் யாரும் அந்த வீட்டில் இல்லை.

நம் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன அடுப்புகள் இருக்கின்றன. சர்க்கரையும் கொழுப்பும் அங்கே ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்து சக்தியாகின்றன. அளவோடு எரிபொருள் போனால் சுத்தமாக எரியும். ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது, அதை உள்ளே விடாமல் கதவடைக்கத் தெரியாத செல்கள் சில உண்டு. கண்ணின் ரத்தக் குழாய், நரம்பு, கிட்னியின் வடிகட்டி இவையெல்லாம் அந்த வகை. சர்க்கரை அவற்றுக்குள் திணிகிறது, அடுப்பு புகைகிறது. அந்தப் புகைக்குப் பெயர் சூப்பர் ஆக்ஸைடு. இப்படிப்பட்ட புகையைத் தணிக்கும் பொருளைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001-ல் இந்தப் படத்தை ஒன்றாகக் கோத்துக் காட்டினார். சர்க்கரையால் வரும் சேதத்துக்கு நான்கு தனித்தனி வழிகள் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள். நான்குக்கும் தொடக்கம் இந்த ஒரே புகைதான் என்பது அவர் சொன்னது. அதற்குப் பிறகு படம் இன்னும் சிக்கலாகியிருக்கிறது, ஆனாலும் புகை இருப்பது நிஜம். கேப்சூல் விற்கிறவர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்.

கிட்னியில் இந்தப் புகை ஏன் இவ்வளவு தீவிரம் என்றால், அதன் வேலைப் பளு அப்படி. இரண்டு கிட்னியும் சேர்ந்து உடம்பு எடையில் அரை சதவீதம்கூட வராது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகிறது. ரத்த சர்க்கரை 100 என்று வைத்துக்கொண்டால் அந்த 180 லிட்டரில் 180 கிராம் சர்க்கரை வடிகட்டியைத் தாண்டிக் குழாய்க்குள் வந்துவிடும். அவ்வளவையும் சொட்டு விடாமல் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புகிறது கிட்னி. சராசரி 250-ல் நிற்கிற ஒருவருக்கு அது 450 கிராம். சிறுநீரில் கொஞ்சம் போய்விடும் என்றாலும், பெரும்பகுதியை அந்தக் குழாய்கள் இழுத்து இழுத்துச் சேர்க்கின்றன, சாப்பாட்டு உப்பையும் கூடவே. இரவும் பகலும். வருடக்கணக்கில். ஆக்ஸிஜன் பற்றாமல் அவை மூச்சுத் திணறுகின்றன.

இப்போது அப்பச்சி நிறுத்திய மாத்திரைகளைப் பாருங்கள். டாப்பாகிளிஃப்ளோசின் அந்த உறிஞ்சும் வேலையைத்தான் குறைக்கிறது. சர்க்கரையில் ஒரு பகுதியைச் சிறுநீரோடு போக விடுகிறது. குழாய்க்கு இளைப்பாறல், வடிகட்டிக்குள் அழுத்தமும் தணிகிறது. அப்பத்தா உருவிப் போட்ட கட்டை மாதிரி. டெல்மிசார்ட்டன் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைத் தடுக்கிறது. அந்த ஹார்மோன் வடிகட்டியின் வெளிவாசலை இறுக்கி உள்ளே அழுத்தத்தை ஏற்றுவதோடு நிற்பதில்லை, சூப்பர் ஆக்ஸைடு உண்டாக்கும் நொதியையும் தூண்டிவிடுகிறது. அதைத் தடுத்தால் அழுத்தமும் குறைகிறது, புகையும் குறைகிறது. அட்டையில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எழுதாமலே அந்த வேலையைச் செய்கிற மாத்திரைகள் இவை. அப்பச்சியிடம் இதைத்தான் சொல்லுங்கள்: நீங்கள் தேடிப் போனது உங்கள் மருந்துப் பெட்டியிலேயே இருந்தது.

நம்பிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். டாப்பா-சி.கே.டி. என்ற ஆய்வு 2020-ல் வந்தது. 4,304 பேர். சிறுநீரில் ஆல்புமின் 200-க்கு மேல், வடிகட்டும் திறன் 25 முதல் 75 வரை. உங்கள் அப்பச்சியின் எண்கள் அந்த வரம்புக்குள் அப்படியே உட்காருகின்றன. பெரும்பாலோர் டெல்மிசார்ட்டன் வகை மருந்து ஒன்றை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சுமார் இரண்டரை வருடத்தில் கிட்னித் திறன் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள், கிட்னி செயலிழந்தவர்கள், கிட்னியாலோ இதயத்தாலோ இறந்தவர்கள் எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 14.5 பேர், மருந்து எடுத்தவர்களில் 9.2 பேர். அதாவது 19 பேர் சாப்பிட்டால் ஒருவர் அந்த விதியிலிருந்து தப்புகிறார். கிட்னி மருத்துவத்தில் இது பெரிய எண். மருந்தின் காப்புரிமையும் இந்தியாவில் முடிந்துவிட்டதால் பல கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கின்றன. 3,800 ரூபாய்க்குப் பக்கத்தில்கூட வராது.

கேப்சூல் தரப்புக்கு என்ன கணக்கு இருக்கிறது? இந்த வகைக் கேப்சூல்களில் பெரும்பாலும் வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பி வைட்டமின்கள், ஆல்ஃபா லிபோயிக் அமிலம், செலினியம், மஞ்சள் சாறு என்று ஒரு கலவை இருக்கும். ஒவ்வொன்றையும் மருத்துவ உலகம் ஆசையோடுதான் சோதித்தது. நாங்களும் அவை பலன் தர வேண்டும் என்று விரும்பியவர்கள்தான்.

வைட்டமின் ஈ-யை தினம் 400 யூனிட் கொடுத்து ஹோப் என்ற ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். சர்க்கரைக்காரர்கள் அதில் நிறையப் பேர். இதயத்துக்கும் பலனில்லை, கிட்னிக்கும் பலனில்லை. இன்னும் சில வருடம் நீட்டித்து 2005-ல் பார்த்தபோது வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடியிருந்தது.

பி வைட்டமின் கதைதான் எனக்கு இன்னும் மனதை உறுத்துவது. ரத்தக் குழாயைக் கெடுக்கும் ஹோமோசிஸ்டீனைக் குறைக்கலாம் என்று கனடாவில் சர்க்கரையால் கிட்னி பாதித்த 238 பேருக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் அதிக அளவில் கொடுத்தார்கள். ஹோமோசிஸ்டீன் குறைந்தது. ஆனால் மூன்று வருடத்தில் வடிகட்டும் திறன் வெற்று மாத்திரைக்காரர்களுக்குச் சராசரியாக 10.7 இறங்கியிருந்தால், வைட்டமின்காரர்களுக்கு 16.5 இறங்கியிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் இவர்களுக்கே கூடுதல். 2010-ல் வெளியான முடிவு இது. "வைட்டமின்தானே, என்ன செய்யப் போகுது" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 238 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் எடுப்பவருக்கு பி12 நிஜமாகவே குறைந்திருக்கலாம். அது ரத்தத்தில் பார்த்து, குறைவை நிரப்புகிற விஷயம். அது வேறு.

செல்லின் சொந்தப் புகைத்தடுப்பு ஏற்பாட்டையே உசுப்பிவிடும் பார்டாக்ஸலோன் என்ற மருந்தும் வந்தது. தொடக்க ஆய்வில் வடிகட்டும் திறன் ஏறியது, உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு 2,185 பேரிடம் நடந்த பெரிய ஆய்வை 2012-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து எடுத்தவர்களில் 96 பேர் இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 55 பேர். எண் ஏறினால் கிட்னி தேறிவிட்டது என்று பொருளல்ல என்பதை அந்த ஆய்வு எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது.

மஞ்சள்? ஈரானில் 40 பேரிடம் இரண்டு மாதம் செய்த சின்ன ஆய்வில் சிறுநீர்ப் புரதம் குறைந்தது உண்மை. கனடாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் குர்குமினைச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. கேப்சூலாக, பொடியாக அள்ளிப் போடுவதுதான் வேண்டாம். மஞ்சளில் ஆக்ஸலேட் இருக்கிறது, வைட்டமின் சி-யும் அளவு மீறினால் உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறிக் கிட்னியில் படியும். அதனால் தினம் ஒரு நெல்லிக்காய் கடித்துத் தின்னலாம், டம்ளர் டம்ளராக நெல்லிச்சாறு வேண்டாம். நட்சத்திரப்பழத்தைக் கிட்னி குறைந்தவர்கள் தொடவே கூடாது. மூளையைத் தாக்கும் நச்சு அதில் உண்டு.

இத்தனை தோல்விக்கும் காரணம் எனக்குப் புரிந்தவரை இதுதான். புகை செல்லுக்குள்ளே, அடுப்பின் வாயிலேயே உண்டாகிறது, உண்டான கணத்திலேயே வேலையைக் காட்டிவிடுகிறது. நாம் விழுங்கும் வைட்டமின் ரத்தத்தில் சுற்றிவிட்டு அங்கே போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். அது மட்டுமல்ல, செல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கும் கிருமியைக் கொல்வதற்கும் இதே ஆக்ஸிஜன் பொறிகளைத்தான் பயன்படுத்துகின்றன. எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் நல்லதும் அணைந்துபோகும்.

அந்தக் கேப்சூல் டப்பாவில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உலோகமும் தாதுவும் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் கலந்தது என்றால் உடனே நிறுத்த வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022-ல் எழுதினார்கள்: கிட்னி வடிகட்டி தடித்துப் புரதம் கொட்டும் ஒரு வகை நோய், நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடம் சேர்ந்து காணப்பட்டது, பரிசோதித்த மருந்துகள் பலவற்றில் பாதரசம் இருந்தது. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்துக் கொடுப்பது வேறு, கல்யாண வீட்டில் கைமாறும் டப்பா வேறு.

இரண்டு வருடத்துக்கு முன் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மஞ்சப்பையைக் கவிழ்த்தார். மூன்று டப்பா கேப்சூல், அவற்றுக்கு அடியில் டெல்மிசார்ட்டன் வகையைச் சேர்ந்த லோசார்ட்டன் அட்டை, பதினைந்து மாத்திரையும் உடைக்காமல் முழுசாக. அட்டையின் ஓரத்தில் மகள் பேனாவால் 'காலை' என்று எழுதியிருந்தது அழியாமல் இருந்தது. உப்பு 3.8. ஒன்றரை வருடத்துக்கு முன் 1.5 இருந்தவர். அந்த 'காலை' என்ற எழுத்தை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

மாத்திரையை மறுபடி தொடங்கியதும் ஒன்று நடக்கலாம், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உப்பு 1.2-லிருந்து 1.3, 1.4 என்று கொஞ்சம் ஏறலாம். "பார்த்தாயா, இங்கிலீஷ் மருந்து கெடுக்குது" என்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே அழுத்தம் தணிந்ததால் வடிகட்டும் திறனில் வரும் சின்ன இறக்கம்தான் இப்படித் தெரிகிறது, பிறகு நிலையாக நின்றுவிடும். 30 சதவீதம் வரை ஏறினால் நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். அதற்கு மேல் போனாலோ பொட்டாசியம் கூடினாலோதான் மருந்தை மாற்றி யோசிப்போம். அதனால் இரண்டு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். டாப்பாகிளிஃப்ளோசினால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். சிறுநீர் கழித்தபின் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் வராது. கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம் என்று அப்பச்சியிடம் சொல்லுங்கள். பிரஷர் 130/80-க்குக் கீழே, மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்.பி.ஏ1சி) 7 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் விட வேண்டும்.

கவுனி அரிசிக்கு வருகிறேன். பர்மாவுக்குப் போன நம் முன்னோர் கொண்டு வந்தது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த அரிசி. அந்தக் கறுப்பில் ஆந்தோசயனின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் இருப்பது உண்மை. தீட்டாத அரிசி என்பதால் நாரும் உண்டு. ஆனால் நம் வீட்டில் கவுனி எப்படி இலைக்கு வருகிறது? சீனியும் தேங்காய்த் துருவலும் நெய்யும் போட்டு, இனிப்பாக. சாயம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கூடப் போன சீனியை அது ஈடு செய்யாது. மறுபடியும் அடுப்பில் விறகைத் திணிக்கிற கதைதான். இனிப்பில்லாமல் கஞ்சியாகவோ சோறாகவோ, மற்ற அரிசிக்குப் பதிலாக ஒரு கைப்பிடி என்றால் தாராளமாகச் சாப்பிடட்டும். கருப்பட்டி போட்டால் பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

சாப்பாட்டில் நான் கெஞ்சிக் கேட்பது உப்பைத்தான், இந்தத் தடவை நிஜ உப்பை. ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், மொத்தச் சமையலுக்கும் சேர்த்து. உப்புக்கண்டம், மோர் மிளகாய், வத்தல், ஊறுகாய், அப்பளம் இவற்றிலேயே அது தீர்ந்துவிடும். உப்பு கூடினால் டெல்மிசார்ட்டன் வேலை செய்யாமல் திணறும். ஆச்சிமார் மனது வைத்தால் இது முடியும். மிளகும் சோம்பும் கல்பாசியும் இருக்கிற சமையலில் உப்பு கொஞ்சம் குறைந்தால் நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும்.

பழனி நடை. குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடப்பது தலைமுறை தலைமுறையாக வருவது, அதைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கிளம்புமுன் டாக்டரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். 14 வருடச் சர்க்கரையில் உணர்ச்சி குறைந்த காலோடு செருப்பில்லாமல் நடந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. சர்க்கரை மாத்திரை அளவையும் நடை நாட்களுக்கு மாற்ற வேண்டியிருக்கும். வழியில் வாந்தி பேதி வந்தாலோ, சாப்பிட முடியாமல் போனாலோ டாப்பாகிளிஃப்ளோசின், டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மின் மூன்றையும் அன்றைக்கு நிறுத்திவிட்டு, சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு தொடங்க வேண்டும். இதை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், சாயங்காலம் கால் வலிக்குது என்றதும் யாராவது எடுத்து நீட்டுகிற டைக்லோபெனாக் மாத்திரைதான். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது, டெல்மிசார்ட்டன் எடுக்கிறவர் அந்த வலி மாத்திரையை இரண்டு மூன்று நாள் போட்டால் கிட்னிக்குப் போகும் ரத்தமே குறைந்து, ஒரே வாரத்தில் உப்பு எகிறிவிடும். இங்கிலீஷ் மருந்து கிட்னியை அரிக்கும் என்ற பேச்சில் நிஜமாகப் பொருந்துவது இந்த வலி மாத்திரைதான், அதை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். கூட நடக்கப் போவது தம்பியோ சித்தப்பாவோ, அவர் பையில் ஒரு அட்டை பாராசிட்டமால் வைத்து, எதற்கு என்றும் சொல்லி அனுப்புங்கள்.